உயிர் காக்கும் பை விரியாவிட்டால்...?

அத்திப்பட்டுக்குப் பக்கத்தில் காமராஜர் துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து கார்கள் கப்பல் ஏறி, வெளிநாடு போகின்றன.

இக்காலத்துக் கார்களில் ஒரு பை மடித்து வைக்கப்பட்டு இருக்கும். அதன் பெயர், "ஏர் பேக்" (காற்றுப் பை). கார் மோதினால், கண் மூடித் திறப்பதற்குள் அது உப்பிவிடும். தலையையும் மார்பையும் காக்கும்.

பை விரியவில்லை

டெல்லிக்காரர் ஒருவர், 2015-ல் "கிரெட்டா" கார் வாங்கினார். 2017 நவம்பரில் விபத்து. காரின் முன்பக்கம் நொறுங்கியது. ஆனால், பை விரியவில்லை! தலை, மார்பு, பல் எல்லாம் காயம்.

அவர் வழக்குப் போட்டார். "மோதிய வேகம் போதாது" என்று வாதாடியது, "ஹூண்டாய்" கம்பெனி.

2022 ஏப்ரல் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. கார் வாங்குகிறவர், வேகத்தைக் கணக்குப் பார்க்கும் விஞ்ஞானி அல்ல என்றனர், நீதிபதிகள். நஷ்ட ஈடும் செலவும் சேர்த்து 3 லட்சம் ரூபாய். அதோடு மாற்றுக் காரும் கொடுக்கவேண்டும் என்ற உத்தரவு உறுதி ஆயிற்று.

விரிந்தும் ஆபத்து

ஜப்பானின் "டகாட்டா" கம்பெனி செய்த பைகளின் கதை வேறு. பையை உப்ப வைக்கும் மருந்து, ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுக் கெட்டது. மோதியபோது அது வெடித்து, உலோகத் துண்டுகள் பாய்ந்தன. பலர் மாண்டனர். உலகெங்கும் சுமார் 10 கோடிப் பைகளை மாற்ற வேண்டியதாயிற்று. 2017-ல் கம்பெனி திவால் ஆனது.

வெப்பமும் ஈரமும் நம் கடற்கரைக்குப் புதிதா?

குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி, கம்பெனிக்கு அரசு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது.

ஆகவே, "காரைக் கொண்டு வாருங்கள்" என்று கம்பெனியிடம் இருந்து கடிதம் வந்தால், மூலையில் போடாதீர்கள். உடனே போங்கள்!