தூண்டில் சரக்கு: கழியில் முடங்கும் முதலும் நரம்பில் திரும்பும் காசும்

மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி பத்திரிகையில் வந்து சில நாட்களில் முக்கொம்புக்குத் தண்ணீர் வந்து சேர்ந்துவிடும். நம் ஊர் விதைக்கடைக்காரர்களும் உரக்கடைக்காரர்களும் அந்த நாளைக் கணக்கு வைத்துத்தான் கொள்முதல் செய்வார்கள். அதே நாளைக் கணக்கு வைக்க வேண்டிய சிறு வியாபாரம் இன்னொன்றும் உண்டு. அதுதான் தூண்டில் சாமான்.

ஹார்டுவேர் கடையிலும், கயிறு, வலை விற்கும் கடையிலும் ஒரு மூலையில் இந்தச் சரக்கு இருப்பது புதிதல்ல. மூங்கில் கழி, நைலான் நரம்புக் கட்டு, தக்கை, ஈயக் குண்டு, பொட்டலத்தில் முள் என்று ஒரு தட்டில் எல்லாம் அடங்கிவிடும். இப்போது நிலைமை வேறு. திருவானைக்காவல், ஸ்ரீரங்கம், உறையூர்ப் பக்கத்து இளைஞர்கள் கைப்பேசியில் வெளிநாட்டு மீன்பிடி வீடியோ பார்த்துவிட்டு ராடு, ரீல், லூர் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். நாமும் கேட்டதை எல்லாம் வாங்கி அடுக்கிவிடுகிறோம். முதல் முடங்குவது அங்கேதான்.

நான் முடக்கியவன் என்பதால் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர், "பாஸ் மீனுக்கான முழு செட், இப்போது இதுதான் ஓடுகிறது" என்று சொல்லி இரண்டு அட்டைப்பெட்டி அனுப்பினார். பிளாஸ்டிக் புழு, ஆழத்தில் முங்கி ஓடும் குண்டு மீன், மெல்லிய கழி எல்லாம் அதில் இருந்தன. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாஸ் என்பது என்ன மீன், அது நம் காவிரியில் இருக்கிறதா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

பாஸ் வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீன். ஜப்பானுக்கு 1925-ல் கொண்டுபோய் ஒரு ஏரியில் விட்டார்கள். அங்கேயும் அது பெருகி, தூண்டில்காரர்களின் செல்லமாகிவிட்டது. உலகச் சந்தையில் பாஸுக்கென்றே இத்தனை கழியும் லூரும் வருவதற்கு இதுதான் காரணம். முக்கொம்பிலிருந்து கல்லணை வரை காவிரியிலும் கொள்ளிடத்திலும் தேடினால் விரால், கெளுத்தி, கெண்டை வகைகள், கட்லா, ரோகு, வாளை, ஜிலேபி இவைதாம் கிடைக்கும். ஆங்கிலத்தில் 'சீ பாஸ்' என்று சொல்லும் கொடுவா கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறுப் பக்கத்து உப்பங்கழியில் உண்டு. அது வேறு மீன், வேறு தண்ணீர்.

ஆனால் பாஸ் சாமான் முழுவதும் நமக்கு வீண் என்றும் சொல்வதற்கில்லை. பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் அடியில் பதுங்கி நின்று, மேலே அசைவதைப் பாய்ந்து கவ்வும் குணம் பாஸுக்கும் உண்டு, நம் விராலுக்கும் உண்டு. எனவே பாஸுக்கென்று செய்த ரப்பர் தவளை விராலுக்கு அப்படியே பொருந்தும். அதன் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் பாசியில் மாட்டாது. என் பெட்டியில் தவளைகள் மட்டும் ஒரே மாதத்தில் தீர்ந்தன. ஆழத்தில் முங்கும் குண்டு மீனோ, கொள்ளிடத்து ஆழமில்லாத மடுவில் மணலைக் கிளறி, செடியில் மாட்டிக்கொண்டு நின்றது. வாங்கிய ஒருவர் திரும்ப வந்து இன்னொன்று கேட்கவே இல்லை.

முதல் கேள்வி

அதற்குப் பிறகு விலை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். போன மாதம் வந்த ஒரு பையனிடம் நடந்த பேச்சு இது:

"அண்ணே, பாஸ் புடிக்கிற ராடு இருக்கா?"

"எந்தத் தண்ணியில போடப்போறீங்க தம்பி?"

"கொள்ளிடத்துலதாண்ணே."

"அங்க பாஸ் கிடையாது. விரால் வேணுமா, கெண்டை வேணுமா?"

பையன் கொஞ்சம் யோசித்து, விரால் என்றான். பாதிச் சரக்கை ஒதுக்கிவிட்டு மீதியைக் காட்ட அந்த ஒரு பதில் போதும்.

விராலுக்கு ஆறரை, ஏழு அடியில் விறைப்பான கழி வேண்டும். பாசிக்குள் புகுவதற்கு முன் மீனை இழுத்துவிட வேண்டும் அல்லவா? கழியின் அடிப்பக்கத்தில் எல், எம், எம்ஹெச், ஹெச் என்று எழுத்தும், எத்தனை கிராம் எடை வீசலாம் என்ற எண்ணும் அச்சிட்டிருக்கும். எல் மெல்லியது, எம் நடுத்தரம், ஹெச் விறைப்பு. தவளைக்கு எம்ஹெச் கேட்பார்கள். அடியில் மாவு உருண்டை போட்டுக் கட்லா, ரோகுவுக்குக் காத்திருப்பவருக்கு இது ஆகாது. நீளமாய், வளைந்து கொடுக்கும் கழிதான் அவருக்கு வேண்டும். 10 கிராம் வீசும் கழியில் 60 கிராம் ஈயத்தைக் கட்டி வீசி முறித்துவிட்டு, "சரக்கு மட்டம்" என்று நம் தலையில் கட்டுபவர்களும் உண்டு. விற்கும்போதே அந்த எண்ணை விரல் வைத்துக் காட்டிவிடுங்கள்.

ரீல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு ஸ்பின்னிங் ரீல், 2500 முதல் 4000 வரை எண் உள்ளது போதும். மேலே உட்காரும் பெய்ட்காஸ்டிங் ரீலைப் பழகாத கை வீசினால் நரம்பு குருவிக்கூடாகச் சிக்கிக்கொள்ளும். உள்ளே எத்தனை பேரிங் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி விலை கூட்டிக் கொடுக்க வேண்டாம். டிராக் திருகை இறுக்கி நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். வெட்டி வெட்டி வராமல் வழுக்கிக்கொண்டு வந்தால் நல்ல ரீல். பழையாறுப் பக்கம் கொடுவாவுக்குப் போகிறவராயிருந்தால், திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். உப்பு தின்ற ரீல் நம் கடைக்குத்தான் சண்டைக்கு வரும்.

நரம்புதான் கல்லாப்பெட்டி

கழி வாங்கியவர் அடுத்த கழி வாங்க வருடங்கள் ஆகும். நரம்பு, முள், ஈயம், சுழலி இவை தீரத் தீர வருவார். ஆகவே இந்த வியாபாரத்தின் உயிர் நரம்பில் இருக்கிறது. நாம் அலட்சியமாக வைத்திருப்பதும் அதைத்தான்.

நைலான் நரம்பு வெயில் பட்டால் கெடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. என் கடை மேற்குப் பார்த்தது. அழகுக்காக நரம்புச் சுருள்களைக் கண்ணாடி ஓரம் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தேன். பொன்மலையிலிருந்து வரும் ஒரு ஓய்வு பெற்ற பெரியவர், என் கடைக்குப் பழைய வாடிக்கை, அதில் ஒன்றை வாங்கிப் போனார். இரண்டு நாள் கழித்து வந்து மீதிச் சுருளை மேசையில் வைத்தார். ஒரு முழம் இழுத்து இரண்டு கையாலும் சுண்டினார். பட்டென்று போயிற்று. "நல்ல விரால் தம்பி" என்றார். காசு திரும்பக் கேட்கவில்லை. ஆறு மாதம் கடைப்பக்கமே வரவும் இல்லை.

அன்றே எல்லாச் சுருளையும் இழுப்பறைக்கு மாற்றினேன். காட்சிக்குக் காலி உருளை போதும். ஒவ்வொரு சுருளின் அடியிலும் வாங்கிய மாதம், வருடத்தைப் பேனாவால் எழுதிவிடுகிறேன். பழையது முதலில் போகும். இரண்டு கோடை கண்டது விற்பனைக்கு இல்லை, பொட்டலம் கட்டத்தான்.

பின்னல் நரம்பு என்று வருவது பாலிஎதிலீன் இழையைப் பின்னியது. ஒரே தடிமனில் நைலானைவிடப் பல மடங்கு தாங்கும், நீளாது. பாசிக்குள் விரால் பிடிக்க இதுதான் சரி. ஆனால் வெறும் உருளையில் இதை நேராகச் சுற்றினால் முழுச்சுற்றும் வழுக்கும். வாடிக்கையாளர் ரீல் பழுது என்று திருப்பிக் கொண்டுவருவார். முதலில் சில சுற்று நைலான் சுற்றி, அதன்மேல் பின்னலை முடிந்து சுற்றிக் கொடுங்கள். உருளையின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் குறையாக நிறுத்த வேண்டும். இந்தச் சின்ன வேலையை இணையத்தில் விற்பவர் செய்து தர முடியாது. நான் இதற்குக் கூலி வாங்குவதில்லை. நரம்பு என்னிடம் வாங்கினால் போதும்.

முள் எண்ணில் கடைப் பையன்கள் தடுமாறுவார்கள். 10, 8, 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக்கூடப் பெரிதாகும். இதை ஓர் அட்டையில் எழுதி ஒட்டிவிட்டால் தவறு வராது.

மீன் வடிவ லூரில் பின்லாந்துக்காரர் லவ்ரி ரப்பலா 1936-ல் தம் கையால் செதுக்கியதுதான் இன்று வரும் பலவற்றுக்கும் முன்மாதிரி. அடிபட்ட சிறு மீன் தள்ளாடுவதைப் பார்த்து அப்படியே ஓடவிட்டார். பெரிய மீன் அந்தத் தள்ளாட்டத்தைத்தான் கவ்வும். பெட்டியில் உள்ள வர்ணத்தைப் பார்த்து வாங்காமல், ஒரு வாளித் தண்ணீரில் இழுத்துப் பார்த்து வாங்குங்கள். இறக்குமதிச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, நாடு, அதிகபட்ச விலை ஆகியவை உறையில் அச்சாகியிருக்க வேண்டும். இல்லாத பெட்டியைச் சகாயம் என்று வாங்கினால் சோதனையில் மாட்டுவது நாம்தான்.

எப்போது, எவ்வளவு

மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12. ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். எனவே தேதியைப் பார்க்காமல் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சரக்குப் போடுங்கள். கொள்ளிடத்தில் வெள்ளம் செங்கலங்கலாக ஓடும்போது தூண்டில் வியாபாரம் படுத்துவிடும். வெள்ளம் வடிந்து மடுக்கள் தெளியும் நாளில்தான் கூட்டம் வரும். மதகு எப்போது திறக்கும் என்று தெரியாமல் ஆற்றுக்குள் நடுத்திட்டில் போய் நிற்க வேண்டாம் என்று இளைஞர்களுக்குச் சொல்லுங்கள். அம்மா மண்டபம் போன்ற படித்துறையில் முள் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். குளிக்க வருபவர் வெறுங்காலோடு இறங்கும் இடம் அது. ஏரி, குளமானால் குத்தகைதாரரைக் கேட்டுத்தான் போட வேண்டும். மழைக்காலத்தில் சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் விராலை விட்டுவிடச் சொல்கிறேன். சிலர் கேட்பதில்லை. தாயும் தகப்பனும் போனால் குஞ்சு மிஞ்சாது, அடுத்த வருடம் தவளை கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

பொன்மலைப் பெரியவர் மறுபடி வந்தார். நரம்பு கேட்டார். நான் இழுப்பறையிலிருந்து எடுத்து, அடியில் எழுதிய மாதத்தைக் காட்டி, ஒரு முழம் இழுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். சுண்டிப் பார்த்தார். இரண்டு சுருள் வாங்கிக்கொண்டு போனார்.