டின்னில் கீறல்: யார் செய்த வேலை?

லாரியில் இருந்து இறங்கிய டின்களில் கீறலும் துருவும் தென்பட்டால், "வேண்டுமென்றே கெடுத்துவிட்டார்கள்" என்ற பேச்சு உடனே எழுகிறது. பழி சுமைத் தொழிலாளர் மீதோ லாரிக்காரர் மீதோ விழுகிறது. புகாரை மெய்ப்பிக்க முடியாவிட்டால் நஷ்ட ஈடும் போகும், நெடுநாள் உறவும் போகும். குற்றம் சாட்டுமுன் சரக்கைப் பார்ப்போம்.

1954-இல் அமெரிக்காவின் பெல்லிங்ஹாம், சியாட்டில் பகுதிகளில் கார்களின் முன் கண்ணாடிகளில் சிறு குழிகள் தெரிவதாகப் புகார்கள் குவிந்தன. முதலில் விஷமிகளின் வேலை என்றே போலீசார் கருதினர். பெரும்பாலானவை சாலையில் ஓடி ஓடி ஏற்பட்ட பழைய தேய்மானமே என்று பின்னர் தெரிந்தது. அதுவரை கண்ணாடி வழியாகப் பார்த்தவர்கள், அப்போதுதான் கண்ணாடியையே பார்த்தார்கள்!

உணவு டின் என்பது மெல்லிய வெள்ளீயப் பூச்சு பூசிய உருக்குத் தகடு. வெளிப்புறம் கீறல் விழுந்து ஈரமும் பட்டால், அந்த இடத்தில் துரு விரைந்து பிடிக்கும். ஜி.ஐ. வாளி, தகடு அப்படியல்ல. சிறு கீறலானால் துத்தநாகப் பூச்சு தான் அரிந்து இரும்பைக் காக்கும். ஆனால் ஜி.ஐ. தகடுகளை ஈரத்துடன் நெருக்கி அடுக்கினால் வெள்ளைப் பொடி பூக்கும். அதை ஆசிட் ஊற்றிய கறை என்று எண்ணிவிடக் கூடாது.

கவனிக்க வேண்டியவை:

1. அடி வரிசையிலும் சுவரோரத்திலும் மட்டும் துரு என்றால், நம் கிடங்கின் ஈரத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

2. எல்லா டின்களிலும் விளிம்பில் பரவலான துரு என்றால், குளிர்ந்த டின் மீது புழுக்கக் காற்று பட்டு வியர்த்திருக்கலாம்.

3. அடுத்தடுத்த டின்களில் ஒரே உயரத்தில் தேய்ந்த தடம் இருந்தால், அது பயணத்தில் உரசியதாகவே பெரும்பாலும் இருக்கும்.

4. அட்டைப் பெட்டி கிழிந்த இடத்திற்கு நேராக ஆழமான கீறல் இருந்தால், கொக்கி பட்டிருக்கலாம். அது கவனக்குறைவு, சதி அல்ல.

5. தேதியும் பேட்ச் எண்ணும் மட்டும் சுரண்டப்பட்டிருந்தால் அது தற்செயல் அல்ல. அந்தச் சரக்கை ஏற்கவே கூடாது.

சேதத்தை டெலிவரி ரசீதில் எழுதிய பிறகே கையொப்பமிடுங்கள். பெட்டியோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை சரக்கைத் தனியே ஒதுக்கி வையுங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, லாரி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர வேண்டுமானால், சரக்கு புக்கிங் ஆன நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

யார் செய்ததாக இருந்தாலும் சரி, உப்பிய டின், கசியும் டின், துரு அரித்துக் குழிவிழுந்த டின் ஆகியவற்றைத் தள்ளுபடி விலைக்கும் விற்காதீர்கள். நஷ்டம் ஒரு டின்னோடு போகட்டும். வாடிக்கையாளரின் உயிருக்கு ஆபத்து வர வேண்டாம்.