அமைதியான கடற்கரை எந்தப் பக்கம்?

மாணவர்களே, சங்கரன்கோவிலில் ஆடித் தபசு நடக்கும் நாட்களில் காற்று எப்படி வீசும் என்று அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு, சுற்றுவட்டாரக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுக் கிழக்கே ஓடுகிறது. அது போய்ச் சேரும் தூத்துக்குடிக் கடல் இங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 80 கிலோமீட்டர். கடலைக் காணாதவர்கள்கூடக் கடற்கரையைப் பற்றிய முதல் பாடத்தை ஊர்க் குளத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

தண்ணீர் கிடக்கும் குளம் ஒன்றின் மேற்குக் கரையில், பெரியவர் ஒருவருடன் நில்லுங்கள். காற்று முதுகில் அறைகிறது. ஆனால் காலடியில் நீர் ஏறக்குறைய அசையாமல் கிடக்கிறது. பிறகு சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போங்கள். சிற்றலைகள் ‘சளக், சளக்’ என்று மோதி மண்ணைக் கரைத்துக்கொண்டிருக்கும். குளம் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். வேறுபாடு, காற்று நீரின்மேல் ஓடிவந்த தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரம் கூடக்கூட அலையும் வளர்கிறது. ஆடியில் குளம் வற்றிக் கிடந்தால் கவலை வேண்டாம். ஐப்பசி மழைக்குப் பின் வாடைக் காற்றில் போய்ப் பாருங்கள். பாடம் அதுவேதான், கரை மட்டும் மாறியிருக்கும்.

இனி, குளத்தை உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள். நடுவில் நிலம், சுற்றிலும் நீர். அதுதான் தீவு. ஒரு தீவில் அலையடங்கிய அமைதியான கரை எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு முதல் விடை, காற்றுக்கு மறைவான பக்கம் என்பதே. காற்று பருவத்துக்குப் பருவம் திரும்புவதால் அமைதியான பக்கமும் மாறுகிறது. இராமேசுவரம் தீவு இதற்கு நல்ல சான்று. தென்மேற்குப் பருவத்தில் தெற்கேயுள்ள மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது, வடக்கேயுள்ள பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழ். காற்று திரும்பினால் மறுபக்கக் கடலுக்கு மாறிக்கொள்ளும் வழக்கம் அங்குள்ள மீனவர்களிடம் உண்டு.

இலங்கையிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. கிழக்குக் கரையில் உள்ள நிலாவெளியும் பாசிக்குடாவும் மே முதல் செப்டம்பர் வரை குளிக்க ஏற்றவை. தென்மேற்குக் கரையில் உள்ள இக்கடுவைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரையே நல்ல காலம். எந்தத் தீவுக்குப் போகலாம் என்று கேட்பவர், எந்த மாதத்தில் என்றும் சேர்த்துக் கேட்பது நல்லது.

காற்று மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. ஆடியில் தூத்துக்குடிக் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. குளத்தின் கணக்குப்படி அங்கே அலையே இருக்கக் கூடாது அல்லவா? ஆனால் இருக்கிறது. தெற்கே, இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த அலைகள், தம்மை எழுப்பிய காற்று ஓய்ந்த பிறகும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வந்து சேருகின்றன. இந்த நெடும்பயண அலைகளை எது தடுப்பது?

பவளப்பாறைகள்தாம்! நீரின் ஆழம் குறைந்து, அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆனதும் அலை நிலைகுலைந்து உடைகிறது. அதாவது ஒரு மீட்டர் உயர அலை, சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். பவளத்திட்டின்மேல் நீர் அதைவிடக் குறைவாகவே நிற்பதால் அலை அங்கேயே நொறுங்கிவிடுகிறது. அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரம் பாதியானால் ஆற்றல் நாலில் ஒரு பங்கு. உலகின் பல பகுதிகளில் எடுத்த அளவுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, பவளப்பாறைகள் அலையாற்றலில் சராசரியாக 97 சதவீதத்தை விழுங்கிவிடுகின்றன. துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டும் பொறியாளர்கள் பொறாமைப்படவேண்டிய கணக்கு!

இலட்சத்தீவுகளின் படத்தைப் பாருங்கள். கவரத்தி, அகத்தி போன்றவற்றில் பவள வளையத்தின் கிழக்கு ஓரத்தில் நிலமும், மேற்கில் காயலும் அமைந்துள்ளன. பருவக்காற்றின் பேரலைகள் மேற்கு விளிம்பில் வெள்ளை நுரையாக உடைகின்றன. காயலுக்குள் நீர் தெளிந்து கிடக்கிறது. இங்கே காற்றை நேரே வாங்கும் பக்கத்திலேயே அமைதி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கரையின் வளைவும் கவனிக்கத்தக்கது. ஆழம் குறைந்த இடத்தில் அலை மெதுவாகச் செல்வதால் அது வளைந்து, துருத்திய முனைகளின்மேல் குவிகிறது. உள்வாங்கிய குடாக்களில் பரந்து தளர்கிறது. பாசிக்குடா என்ற பெயரிலேயே குடா இருக்கிறதே!

கரையில் இறங்கியதும் மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள். நுண்மணலும் மெல்லிய சரிவும் இருந்தால் அது பெரும்பாலும் அமைதியான கரை. பவள உடைசல்களும் செங்குத்தான சரிவும் இருந்தால், இன்று கடல் உறங்கினாலும் வேறு நாளில் சீறியிருக்கிறது என்று பொருள். ஒரு முன்னெச்சரிக்கை: இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் நீர் கருத்து, அலையின்றித் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பும் வழி அது. நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துச் சென்றுவிடும்.

ஆளரவமற்ற கரைக்குக் காரணம் பெரும்பாலும் குடிநீர்தான். சிறு தீவின் மணலில் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரின்மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. தீவு சிறியதானால் அந்த அடுக்கும் மெலிந்துவிடும். மன்னார் வளைகுடாவில் நல்லதண்ணித் தீவும் உண்டு, உப்புத்தண்ணித் தீவும் உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே வரிசையாக அமைந்த இந்த 21 சிறு தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே இறங்க முடியாது. அவற்றின் கரைகள் அமைதியாக இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்த 21-இல் இரண்டு இப்போது நீருக்கடியில் இருக்கின்றன. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி. பல பத்தாண்டுகளாகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புச் சூளைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் கொண்டுபோனார்கள். 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தன; 2005 அளவில்தான் வெட்டுவது நின்றது. வெட்டியவர்கள் தீவின்மேல் கைவைக்கவில்லை, வெளியே இருந்த பாறையைத்தான் எடுத்தார்கள். ஆனால் பாறை போனதும் உடையாத அலை நேரே கரையைத் தொட்டது. பவளப்பொடியும் மணலுமான தீவு எத்தனை காலம் தாங்கும்?

வான் தீவு 1986-இல் சுமார் 16 எக்டேர் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் சுமார் 2 எக்டேராகத் தேய்ந்தது. இழந்த பாறைக்கு மாற்றாக, 2015 முதல் துளைகள் கொண்ட கான்கிரீட் கட்டுமானங்களைத் தீவுக்கு முன்னால் கடலடியில் இறக்கினார்கள். எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. குளத்துக் கிழக்குக் கரையில் ஒரு வரிசை செங்கற்களை நீரளவுக்கு அடுக்கிவைத்து, அவற்றுக்குப் பின்னால் மண் கரைவதைக் கவனித்தால், அவர்கள் செய்தது என்னவென்று விளங்கும். அலை தளர்ந்ததால் தேய்வு நின்று, வான் தீவில் மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. செயற்கைப் பாறைகளின் துளைகளில் மீன்கள் குடியேறின. அவற்றின்மேல் இளம் பவளங்களும் முளைத்திருக்கின்றன.