நாற்றங்காலை அழித்துவிட்டு அறுவடையா?

இனி நிரல் எழுத ஆளே வேண்டியதில்லை, யந்திரமே எழுதிவிடும் என்று மென்பொருள் உலகத்து முதலாளிமார் சிலர் மார்தட்டுகின்றனர். எல்லாம் போயிற்று, இனிப் பிழைப்பில்லை என்று வேறு சிலர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டனர். மார்தட்டலும் நமக்கு வேண்டாம், மாரடிப்பும் வேண்டாம். வந்திருக்கும் யந்திரம் எது? அது யார் வேலையை எப்படி மாற்றுகிறது? லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு? உழைப்பவன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

ரயில் டிக்கெட், பாங்குக் கணக்கு, ரேஷன் கடைக் கருவி, மின்சாரக் கட்டணம் – இவை ஒவ்வொன்றின் பின்னாலும் நிரல் இருக்கிறது. இன்னது வந்தால் இன்னது செய் என்று கணினிக்கு வரிவரியாக எழுதிவைக்கும் கட்டளைத் தொகுதியே நிரல். அதை எழுதுகிறவர் கறைபடாத சட்டை போட்டிருக்கலாம். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கலாம். ஆனாலும் மாதச் சம்பளத்துக்குத் தம் உழைப்பை விற்கும் தொழிலாளியே அவர். அவருடைய கவலை நம்முடைய கவலையும் ஆகும்.

2021 ஜூனில் கிட்ஹப் கோபைலட் என்ற கருவியின் முன்னோட்டம் வெளிவந்தது. கிட்ஹப், மைக்ரோசாப்ட் கம்பெனிக்குச் சொந்தமானது. நிரலாளர் ஒரு வரி எழுதினால், அடுத்த வரி இதுவாக இருக்கலாம் என்று அக்கருவி எடுத்துக்கொடுத்தது. 2025க்குள் இவ்வகைக் கருவிகள் வெகுதூரம் வந்துவிட்டன. வேண்டியது இன்னதென்று பேச்சு வழக்கில் சொன்னால், கோப்புகளைத் தாமே திறந்து, நிரலைத் தாமே எழுதி, ஓட்டிப் பார்த்து, பிழை வந்தால் திருத்தவும் முனைகின்றன.

இந்தத் திறமை வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை! உலகெங்கும் எண்ணற்ற நிரலாளர்கள் எழுதிப் பொதுவில் வைத்த நிரல்களைத் தின்று வளர்ந்தது அது. எங்கள் உழைப்பை எங்கள் நிபந்தனைகளை மதிக்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்று 2022 நவம்பரில் அமெரிக்காவில் நிரலாளர்கள் சிலர் வழக்கே தொடுத்தனர். வழக்கு எப்படிப் போனாலும், யந்திரத்தின் வயிற்றில் இருப்பது தொழிலாளியின் உழைப்பு என்பதை எவரும் மறுக்க முடியாது.

சரி, வேலை உண்மையிலேயே விரைவாகிறதா? இரண்டு சோதனைகளைப் பார்ப்போம். கிட்ஹப் நிறுவனமே நடத்தி 2022இல் வெளியிட்ட சோதனையில் 95 நிரலாளர்களை இரு பிரிவாக்கி ஒரே வேலையைக் கொடுத்தனர். கருவி வைத்திருந்தவர்கள் சராசரியாக 1 மணி 11 நிமிடத்தில் முடித்தனர். இல்லாதவர்களுக்கு 2 மணி 41 நிமிடம் ஆயிற்று. பாதிக்குப் பாதி மிச்சம்!

மற்றொன்று, மெட்டர் என்ற ஆராய்ச்சி அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்டது. அனுபவம் முதிர்ந்த 16 நிரலாளர்கள், தாங்கள் ஆண்டுக்கணக்கில் பழகிய பெரிய திட்டங்களில் 246 வேலைகளைச் செய்தனர். கருவியைப் பயன்படுத்திய வேலைகளுக்கு 19 சதவீதம் நேரம் கூடுதலாகவே பிடித்தது. ஆனால் அவர்களைக் கேட்டபோது, 20 சதவீதம் விரைவாக முடித்தோம் என்றே நம்பினர்!

இரண்டும் பொய்யல்ல. காலி மனையில் புதுக் குடிசை போடுவது ஒன்று. பத்துத் தலைமுறை குடியிருந்த வீட்டில் ஒரு தூணை மாற்றுவது வேறு. எந்தத் தூண் எதைத் தாங்குகிறது என்று அறிந்தவன்தான் அங்கே கைவைக்க முடியும். கருவி நாளுக்கு நாள் கூர்மையாகி வருகிறது; நாளைய கணக்கு வேறாகலாம். ஆயினும் வேலையின் தன்மை மாறிவிட்டது என்பது இன்றே தெரிகிறது. எழுதும் பாரம் குறைகிறது. படித்துச் சரிபார்க்கும் பாரம் ஏறுகிறது. 2024 அக்டோபரில் கூகிள் தலைவர் சுந்தர் பிச்சை, தம் கம்பெனியின் புதிய நிரலில் கால் பங்குக்கு மேல் யந்திரம் எழுதுவது என்று அறிவித்தார். அதைப் பொறியாளர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பின்னரே ஏற்கிறோம் என்பதையும் சேர்த்தே சொன்னார். முன்பாதியை மட்டும் முழங்குகிறவர்கள் பின்பாதியை ஏன் விழுங்குகிறார்கள்?

பார்த்து ஒப்புக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2025 ஜூலையில் ரெப்ளிட் என்ற கம்பெனியின் கருவி, எதையும் மாற்றாதே என்று கட்டளையிட்டிருந்தும், ஒரு வாடிக்கையாளரின் தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. 1,200க்கும் மேற்பட்ட நிர்வாகிகளைப் பற்றிய பதிவுகள் அதில் இருந்தன. இனி மீட்க முடியாது என்றும் அது சொல்லிற்று. அதுவும் தவறு, பின்னர் மீட்க முடிந்தது. கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். யந்திரம் கேட்குமா? யந்திரத்துக்கு மெமோ கொடுக்க முடியுமா? பொறுப்பு என்று வரும்போது மனிதன்தான் முன்னே நிற்க வேண்டியிருக்கிறது.

ஆக, யந்திரம் எழுதினாலும் அதன் தலைமாட்டில் விஷயம் தெரிந்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும். அந்த விஷயம் தெரிந்தவன் எங்கிருந்து வருவான்? நமது கட்டுரையின் மையக் கேள்வி இதுதான்.

லேத் பட்டறையில் முதல் நாளே எவரும் ஃபிட்டர் ஆவதில்லை. பெருக்கி, எடுத்துக்கொடுத்து, அரம் போட்டு, அடி வாங்கிய இரும்பின் குணம் அறிந்து, அதன் பிறகே கை தேறுகிறது. நிரல் தொழிலிலும் அப்படியே. புதிதாக வந்தவருக்குச் சிறுசிறு பிழை திருத்தம், சோதனை எழுதுதல், படிவம் அமைத்தல் ஆகியவற்றைக் கொடுப்பர். அவற்றில் தடுக்கி விழுந்து எழுந்துதான் அவர் பெரிய நிரலாளர் ஆனார். இன்று யந்திரம் முதலில் கொண்டுபோவது அந்தச் சிறு வேலைகளையே.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டனர். 22 முதல் 25 வயதுள்ள மென்பொருள் தொழிலாளர்களின் எண்ணிக்கை, 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து 2025 ஜூலைக்குள் ஏறத்தாழ 20 சதவீதம் சரிந்துவிட்டது. அதே தொழிலில் வயது கூடியவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. கொரோனாக் காலத்தில் அளவுமீறி ஆள் எடுத்தனர், வட்டி உயர்ந்தது என்று வேறு காரணங்கள் சொல்வோரும் உண்டு. இருக்கட்டும். ஆனால் இளைஞன் நுழையும் வாசல் குறுகுகிறது என்பது கண்கூடு.

நாற்றங்காலை உழுது போட்டுவிட்டு நடவுக்கு நாற்று எங்கே என்று கேட்பவனை ஊர் என்ன சொல்லும்? பயிற்சிச் செலவை அடுத்தவன் ஏற்கட்டும், தேர்ந்த ஆளை நாம் இழுத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு கம்பெனியும் நினைக்கிறது. எல்லோரும் அப்படி நினைத்தால் பத்தாண்டு கழித்துத் தேர்ந்த ஆள் என்று ஒருவர் இருப்பாரா? இந்த ஆண்டு லாபக் கணக்குக்குப் பத்தாண்டுக்குப் பிந்திய தொழிலைப் பலியிடுவது எந்த ஊர் நியாயம்?

இது அமெரிக்கக் கதை மட்டுமல்ல. 2000இல் டைடல் பார்க் திறந்தது முதல் சென்னையில் வளர்ந்த மென்பொருள் தொழில், கல்லூரி முடித்த இளைஞரை ஆயிரக்கணக்கில் எடுத்துப் பழக்கி, தலைக்கு இத்தனை, மணிக்கு இத்தனை என்று வெளிநாட்டாருக்குக் கணக்கெழுதி வளர்ந்தது. கடன் வாங்கிப் பிள்ளையைப் பொறியியல் படிக்கவைத்த குடும்பங்கள் எத்தனை! 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி சுமார் 12,000 பேரை, மொத்த ஊழியரில் 2 சதவீதத்தினரை, நீக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலோர் இடைநிலை, மேல்நிலை ஊழியர்கள். செயற்கை நுண்ணறிவு காரணமல்ல, திறன் பொருந்தாமையே காரணம் என்றது நிர்வாகம். நல்லது. பொருந்தாமல் போன திறனைப் பொருந்தச் செய்யும் கடமை யாருடையது என்பதே நம் கேள்வி. இருபது ஆண்டு உழைத்தவனைத் தேய்ந்த உதிரிப்பாகம்போல் வீசி எறிவதா விடை?

அப்படியானால் யந்திரத்தை உடைக்கச் சொல்கிறோமா? இல்லவே இல்லை! உழைப்பைக் குறைக்கும் கருவி வரட்டும், வரவேற்போம். அதன் நிபந்தனைகளை ஒருதலையாக எழுத விடமாட்டோம் என்பதே நம் நிலை. 1960களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கணினியை எதிர்த்துப் போராடினர். 1983இல் பாங்கு ஊழியர் சங்கங்கள் யந்திரமயமாக்கல் பற்றி நிர்வாகத்தோடு மேசையில் அமர்ந்து ஒப்பந்தமே செய்தன. 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும்படி கம்பெனி தங்களைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினர். எழுத்தாளனால் முடிந்தது நிரலாளனால் முடியாதா?

கேட்க வேண்டியவை தெளிவானவை. கருவி கொண்டுவருமுன் ஊழியரோடு பேச வேண்டும். மிச்சமாகும் நேரத்தில் ஒரு பங்கு குறைந்த வேலை நேரமாகவோ, பயிற்சியாகவோ ஊழியருக்கு வர வேண்டும். சரிபார்க்க அவகாசம் கொடுக்காமல் வேகத்தை மட்டும் கேட்டுவிட்டு, யந்திரத்தின் பிழைக்கு ஊழியன் தலையை உருட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு ஆண்டும் புதியவர்களை எடுத்து, மூத்தவரின் பக்கத்தில் உட்காரவைத்துத் தொழில் கற்றுக்கொடுக்கும் கடமையிலிருந்து எந்தக் கம்பெனியும் நழுவக்கூடாது.

குளிரூட்டிய அறையிலிருக்கும் தோழர்களே! உங்களைத் தனித்தனியே கூப்பிட்டு ராஜினாமாக் கடிதம் கேட்கும் அறையில், தனியாளாக நிற்பவனுக்குக் குரல் ஏது? ஆலைத் தொழிலாளி நூறாண்டுக்கு முன் கற்ற பாடம் அது. கருவியை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றவர்கள் ஒன்று சேருங்கள். நாற்றங்காலைக் காக்கும் வேலை உங்களுடையது, நம்முடையது.