முழங்கால் ஊசியும் நம்ம சாப்பாடும்



சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்ததும் முழங்காலுக்குப் புது ஊசி போடலாமா என்று எங்களிடம் கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் போனில் பார்த்துவிட்டு, "அம்மா, தேய்ஞ்ச முட்டி திரும்ப வளருதாம்" என்று சொல்கிறார்களாம். அது இருபது முப்பது வருசம் மலையில் நின்று சேர்த்த பணம். ஆகவே அந்த ஊசி என்ன, நாம் சாப்பிடுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதைக் கொஞ்சம் விளக்க விரும்புகிறோம்.

முழங்காலில் எலும்போடு எலும்பு உரசாமல் இருக்க நடுவில் வழுவழுப்பான ஒரு படை இருக்கிறது. குருத்தெலும்பு என்போம், பிள்ளைகளின் புத்தகத்தில் கசியிழையம் என்று இருக்கும். இதற்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீரிலிருந்துதான் இதற்குச் சத்துப் போகிறது. கையில் பட்ட வெட்டுக்காயம் மாதிரி இது லேசில் ஆறாததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

பி.ஆர்.பி. ஊசி என்பது நம்ம இரத்தமேதான். கையில் இரத்தம் எடுத்து, மெசினில் வேகமாகச் சுற்றி, குருதிச் சிறுதட்டுக்கள் நிறைந்த பகுதியை மட்டும் பிரித்து முழங்காலுக்குள் போடுகிறார்கள். காயம் ஆற உதவும் பொருட்கள் அந்தச் சிறுதட்டுக்களில் உண்டு என்பதால் வந்த வைத்தியம் இது. ஸ்டெம் செல் ஊசிக்கு எலும்பு மச்சையிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ கலங்களை எடுக்கிறார்கள்.

பலன் எப்படி? 2021இல் அவுஸ்திரேலியாவில் 288 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு வருசம் கழித்துப் பார்த்தால் வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2023இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில் ஸ்டெம் செல்லும் சாதாரண ஸ்டீரோயிட் ஊசியை விட மேலாக நிற்கவில்லை. தேய்வு ஆரம்பத்தில் இருக்கும் சிலருக்கு பி.ஆர்.பி. போட்டபின் சில மாதம் வலி குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் "திரும்ப வளரும்" என்று யாராவது சொன்னால், அதை நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம்.

எந்த வைத்தியம் செய்தாலும் அந்த மூட்டு தினம் சுமக்கும் பாரம் மாறாது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது என்று 2005இல் அமெரிக்காவில் கணக்கிட்டார்கள். ஐந்து கிலோ குறைந்தால் எட்டுக்கு இருபது கிலோ. ஒரு நாளைக்கு மலையில் எத்தனை எட்டு வைக்கிறோம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பாரம் மட்டுமல்ல, வயிற்றுக் கொழுப்பு மூட்டில் அழற்சியைக் கூட்டும் பொருட்களையும் இரத்தத்தில் விடுகிறது.

"நாங்க எல்லாம் ஒல்லிதானே" என்று தாய்மார் சொல்வார்கள். தராசு முழுக் கதையையும் சொல்லாது. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் பெருத்தவர்கள் நம்ம லயங்களில் நிறையப் பேர். தையல்காரரின் அளவு நாடாவால் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கு மேலே போனால் கவனிக்க வேண்டும். தொடைத் தசைதான் முழங்காலைத் தாங்குகிற முட்டுக்கட்டை. அது கரைந்துபோனால் ஊசி மட்டும் என்ன செய்யும்?

காலையில் ரொட்டியும் சம்பலும், பகலுக்கும் ரொட்டி, ராத்திரி சோறும் ஒரு கறியும். வயிறு நிறையும், தசைக்குப் புரதம் பத்தாது. இறைச்சி வாங்கச் சொல்லவில்லை, விலை எங்களுக்கும் தெரியும். பருப்பைத் தண்ணீராக வைக்காமல் கெட்டியாக வையுங்கள். கடலை, கௌபி, பயறு, நெத்தலி, சோயாமீற், முடிந்த நாளில் ஒரு முட்டை. வீட்டில் முட்டை ஒன்றுதான் இருந்தால் அது பிள்ளைக்கும் வீட்டுக்காரருக்கும் போய்விடுகிறது, கொழுந்து பறிப்பவருக்கு வருவதில்லை. இதை வீட்டிலுள்ள ஆண்கள் கொஞ்சம் வாசிக்க வேண்டும். சிறுநீரக வியாதி உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் டொக்டரைக் கேளுங்கள்.

அடுத்தது சீனி. கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் ஐந்து கோப்பை தேத்தண்ணி குடித்தால் பத்துக் கரண்டி. பாதியாக்கிப் பாருங்க, ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது. ஒரு மணித்தியாலம் போகட்டும். இரத்தச்சோகை கடுமையாக இருப்பவர்களுக்கும் சிறுதட்டுக்கள் குறைந்தவர்களுக்கும் பி.ஆர்.பி. போட டொக்டர்மார் தயங்குவார்கள். சீனி வியாதி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் கிருமி தொற்றும் பயமும் கூட. ஆகவே ஊசிக்கு விசாரிக்குமுன் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.

2013இல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், பருமனான பெரியவர்கள் சாப்பாட்டைத் திருத்தி, தேகப்பயிற்சியும் செய்து, உடம்பில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். 18 மாதத்தில் அவர்களின் வலி ஏறக்குறையப் பாதியானது. "மலையேறுறதே பயிற்சிதானே" என்பீர்கள். அதில் களைப்புத்தான் மிச்சம். வாங்கில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். காலைக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். அடுப்படியில் குந்தாமல் ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் சொல்லி வாங்கும் வலிக் குளிசையைத் தினமும் போடாதீர்கள். வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். எந்த ஊசியானாலும், போட்ட பிறகு முழங்கால் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் நாளைக்குப் பெரட்டு முடியட்டும் என்று இருக்கக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாகனம் தேவையென்றால் ராத்திரியானாலும் எங்கள் கதவைத் தட்டுங்கள்.