பொலன்னறுவையும் டொம்லூரும்

ஓய்வு பெற்றபின் வெளிநாடு ஒன்றாவது பார்க்க வேண்டும் என்று வீட்டில் ஆசை. விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு; அங்கிருந்து வேனில் பொலன்னறுவை. சோழர் காலத்து வானவன்மாதேவி ஈஸ்வரம் அங்கே முழுக்கக் கல்லால் நிற்கிறது. சுவரில் தமிழ் எழுத்து! கடல் கடந்து அதைக் கண்டதில் எனக்கு ஒரே பெருமிதம். வழிகாட்டிய இளைஞர், "பெங்களூரிலும் இப்படி உண்டா?" என்றார். "அது புது ஊர் தம்பி, கெம்பே கௌடர் 1537-இல் கட்டியது" என்று பெரிய மனிதனாகப் பதில் சொன்னேன்.

ஊர் திரும்பி இதை ரயில்வேயில் உடன் வேலை பார்த்த கன்னட நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மறுநாளே டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்கு அழைத்துப் போனார். பெயரைக் கேட்டுச் சிவன் என்று நினைத்தேன், உள்ளே பெருமாள். அங்கே 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள். அவற்றில் ஊர்ப்பெயர் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. 1270-இல் ஒருவர் வாசலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்திருக்கிறார். கெம்பே கௌடருக்கு 250 ஆண்டுகளுக்கும் முந்திய கணக்கு! லூயிஸ் ரைஸ் என்ற ஆங்கிலேயர் 1905-இலேயே இவற்றை அச்சேற்றிவிட்டார். நானோ முப்பது ஆண்டுகள் அந்த வழியாக ஸ்கூட்டரில் போய் வந்தவன்.

கல்லைத் தடவிப் பார்த்தேன். ஒரு வரிகூட வாசிக்க வரவில்லை. "உங்க பாஷைதானே சார்?" என்றார் நண்பர்.

கல்லெழுத்துப் படிக்கத் தெரிந்த அன்பர்கள் நம் சங்கத்தில் இருந்தால் தெரிவியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து போகலாம்.