பிரசவத்துக்குப் பின் வயிறு ஏன் உள்ளே போகவில்லை?

குழந்தைக்கு முதல் பிறந்தநாளே முடிந்திருக்கும். கல்யாண வீட்டில் யாராவது பெரியம்மா, "இது எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டுவிடுவார். வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டவில்லை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டாள் என்று பழி தாயின் மேலேயே விழும். அந்தப் பழியில் துளியும் நியாயமில்லை.

விலகிய தசை

வயிற்றின் முன்பக்கம் விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை இரண்டு நீளத் தசைகள் உண்டு. அவற்றை நடுவில் இணைப்பது ஒரு நார்ப்பட்டை. கருப்பை வளர வளர அந்தப் பட்டை விரிந்து மெலிகிறது. பலருக்குச் சில மாதங்களில் தானே சுருங்கிவிடும். சிலருக்குத் தசைகளுக்கு நடுவே இடைவெளி 2 சென்டிமீட்டருக்கு மேல் நின்றுவிடும்; வயிறு உள்ளே போகாததற்கு இதுவும் ஒரு காரணம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்கினால் தொப்புளுக்கு மேலே விரலுக்குப் பள்ளம் தட்டுப்படும்.

இந்தத் தசை விலகலில் ஓட்டை இல்லை, குடல் சிக்கும் ஆபத்தும் இல்லை. முதல் வைத்தியம், இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சி. எழுந்து உட்காரும் 'சிட்-அப்' பயிற்சியை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

குடலிறக்கம் வேறு

தொப்புளிலோ சிசேரியன் தழும்பிலோ தசைச்சுவரில் ஓட்டை விழுந்து, உள்ளிருக்கும் கொழுப்போ குடலோ பிதுங்குவது குடலிறக்கம். இருமினால் புடைக்கும், படுத்தால் அடங்கும். பயிற்சியாலோ பெல்ட்டாலோ இந்த ஓட்டை மூடாது. புடைப்பு கெட்டியாகி, வலித்து, உள்ளே போகாமல், வாந்தியும் சேர்ந்தால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகலாம்.

அறுவை சிகிச்சைக்கு முன்

பயிற்சி போதாதபோது, அறுவை சிகிச்சையில் விலகிய தசைகளை நடுக்கோட்டில் இழுத்துத் தைப்பார்கள். குடலிறக்க ஓட்டை 1 சென்டிமீட்டரைத் தாண்டினால் தையலோடு செயற்கை வலையும் வைப்பதே பொதுவான வழக்கம். லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம், தொங்கும் தோலையும் அகற்ற வேண்டுமானால் திறந்துதான் செய்ய வேண்டும்.

இரண்டு தொல்லையும் சேர்ந்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "டாக்டர், ஓட்டையை மட்டும் அடைக்கப் போகிறீர்களா, தசை விலகலையும் சேர்த்துச் சரிசெய்வீர்களா?" மெலிந்த பட்டையில் ஓட்டையை மட்டும் தைத்தால் குடலிறக்கம் திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது.

அவசரம் இல்லையென்றால் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருடம் பொறுக்கலாம். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் அதற்குப் பிறகு செய்துகொள்வது நல்லது. மறுபடி கர்ப்பமானால் தைத்த இடம் விரியக்கூடும். தீராத இருமல், மலச்சிக்கல், கட்டுப்படாத சர்க்கரை ஆகியவற்றை முதலில் சரிசெய்யுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் சுமார் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் மட்டுமல்ல, இடுப்பில் ஏறத் துடிக்கும் குழந்தையும் கனம்தான். அந்த நாட்களில் குழந்தையைத் தூக்கப்போவது கணவரா, அம்மாவா, மாமியாரா என்று வீட்டில் பேசி முடித்துவிட்டு மருத்துவரிடம் தேதி வாங்குங்கள்.